சரஸ்வதிபுரத்து வீட்டில் இரண்டு கட்டிகள்

பேச்சில் சினைப்பை என்றும் பாடநூல்களில் சூலகம் என்றும் வழங்கும் உறுப்பு, கருப்பையின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 3 செ.மீ. நீளத்தில், இடுப்புக்குழியின் ஆழத்தில் அமைந்திருக்கிறது. பிறக்கும்போதே பத்து லட்சத்துக்குக் குறையாத முட்டைச் செல்களை அது கொண்டிருந்தாலும், பூப்பெய்தும் வயதுக்குள் அவற்றுள் பெரும்பகுதி தாமாகவே அழிந்துபோக, வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை நானூறு அல்லது ஐந்நூறுதான். மாதந்தோறும் ஒரு முட்டை முதிரும்போது அதைச் சுற்றி நீர் நிறைந்த சிறுபை ஒன்று உருவாகி, 2 செ.மீ. அளவை எட்டியதும் வெடித்து, வெடித்த இடம் மஞ்சள் நிறத் திசுவாக மாறி, கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் வாடிவிடுகிறது. வெடிக்க வேண்டிய பை வெடிக்காமல் பருத்தாலும், வெடித்தபின் வாய் மூடிக்கொண்டு உள்ளே குருதி தேங்கினாலும் உண்டாவதே செயல்சார் நீர்க்கட்டி; உறுப்பின் இயல்பான செயலிலிருந்தே பிறப்பதால் அதற்கு அப்பெயர். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் அது தானாகவே வற்றிவிடும். மாதவிடாய் நின்ற பிறகோ இந்த மாதாந்திர வேலையே ஓய்ந்துவிடுவதால், அவ்வயதில் தென்படும் கட்டி தீங்கற்றதாக இருக்க வாய்ப்புண்டு என்றாலும், இதே காரணத்தைச் சொல்லி அதை ஒதுக்கிவிட முடியாது. ஆகவே, கட்டி எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன்னால் மருத்துவர் கேட்பது, அது யாருடைய வயிற்றில் இருக்கிறது, அவருக்கு வயதென்ன என்பதைத்தான்.

இந்த வேறுபாட்டைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றியவை இந்நினைவுகள். மைசூர் ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்துத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவரின் வாரிசுகள் அவர்கள்; இரண்டு தலைமுறையாகச் சரஸ்வதிபுரத்தில் குடியிருந்தவர்கள்; வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே கன்னடமும் பேசியவர்கள். 2014ஆம் ஆண்டில் அவ்வீட்டில், கணவரை இழந்தபின் பிறந்தகத்துக்கே திரும்பிவிட்ட 61 வயது மூத்த அத்தையும், அவருடைய தம்பியும், தம்பி மனைவியும், மானசகங்கோத்திரியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த 23 வயதுத் தம்பி மகளும் இருந்தார்கள். தம்பி மகன் மணமாகிப் பெங்களூரில் வேலையிலிருந்தார். அவ்வாண்டு நவம்பர் 1 அன்றுதான் நகரின் பெயர் அதிகாரபூர்வமாக மைசூரு என்றாயிற்று; வீட்டில் அதற்குப் பின்பும் மைசூர்தான். இவற்றைப் பதிவுசெய்பவர் அக்காலத்தில் அங்கே அடிக்கடி வந்து தங்கிய உறவினர் என்பதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

முதலில் படுத்தவள் தம்பி மகள். ஒரு மாதம், விலக்கு வருவதற்கு ஒரு வாரம் இருக்கையில், வலது அடிவயிற்றில் குத்தலெடுத்து இரவு முழுவதும் உறங்காமல் இருந்ததால், மறுநாள் காலையிலேயே பக்கத்துத் தெருவிலிருந்த ஸ்கேன் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வலது சினைப்பையில் 4.6 செ.மீ. கட்டி; உள்ளே வலைப்பின்னல் போன்ற கோடுகள். குருதி உறையும்போது அதிலுள்ள நார்ப்புரத இழைகள் அப்படித் தெரியும் என்பதும், மஞ்சள் திசுவுக்குள் கசிந்த குருதிதான் அது என்பதும், ஸ்கேன் படிப்பவர்களுக்கு அன்றாடக் காட்சி. அறிக்கையின் கடைசி வரியில் ‘மருத்துவக் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று வழக்கமாக எழுதப்படும் வாசகம் இருந்தது. தன்மேல் பழி வராமலிருக்க எழுதப்படும் அவ்வரியை வீட்டார் ஏதோ மறைபொருள் உள்ள எச்சரிக்கையாக வாசித்தார்கள். முதலில் பார்த்த மருத்துவர், மறு வாரமே வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம் என்றார். அதற்குமுன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குருதிப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். பெண்ணுக்கு விலக்கு வந்திருந்த நாளில் எடுத்த அந்தச் சோதனையில் சிஏ-125 அளவு 58 என்று வந்தது. இயல்பு எல்லை 35 என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்ததால், அன்று மாலை அவ்வீட்டில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

சிஏ-125 என்பது குருதியில் கலந்திருக்கும் ஒரு பெரிய புரதம். 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் தலைமையிலான குழுவினர், சினைப்பைப் புற்றுச் செல்களை அடையாளம் காணும் எதிர்ப்புரதம் ஒன்றை உருவாக்கியபோது இது தெரியவந்தது. ஆனால் இப்புரதத்தைச் சுரப்பது புற்று மட்டுமன்று. வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் வயிற்றுறை, கருப்பையின் உட்சுவர், நெஞ்சுக்கூட்டின் உள்ளுறை ஆகியவை எரிச்சலுற்றாலே அது கூடும். மாதவிடாய், தொடக்கக் கர்ப்பம், கருப்பைத் தசைக்கட்டி, காசநோய், ஈரல் சுருக்கம் என எத்தனையோ நிலைகளில் எல்லையைத் தாண்டும். மறுபுறம், புற்று சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் முதல் நிலையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்புரதத்தின் அளவு உயர்வதே இல்லை. ஆக, இளம்பெண்ணிடம் இச்சோதனை அச்சத்தைக் கிளப்பிவிடுகிறது. முதல் நிலை நோயாளியிடமோ ஆறுதலை அளித்து ஏமாற்றிவிடுகிறது. புற்று என்று உறுதியான பின்பு சிகிச்சை பலிக்கிறதா என்று தொடர்ந்து அளக்க அது மிக நல்ல கருவி. வேறு காரணமின்றி இளவயதினருக்கு அதை எழுதிக்கொடுப்பது கெடுதலே.

அடுத்த ஆறு வாரங்களும் குடும்பம் அந்தப் பெண்ணைச் சுற்றியே சுழன்றது. காலையில் டிப்பு எக்ஸ்பிரஸ் பிடித்துப் பெங்களூர் போய் இரண்டாம் கருத்துக் கேட்டார்கள். உறவினர் ஒருவர் சொன்னாரென்று காவேரி எக்ஸ்பிரஸில் இரவோடு இரவாகச் சென்னைக்குப் போய் வரவும் திட்டமிட்டார்கள். பெங்களூரில் பார்த்த மூத்த பெண் மருத்துவர் தாளைக் கூட முழுதாகப் புரட்டாமல், “ஒண்ணும் பண்ண வேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சு விலக்கு முடிஞ்சதும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கிட்டு வாங்க” என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினார். மாதவிடாய் நடக்கும் வயதில், ஒரே அறையுள்ள, 5 செ.மீ.க்கு உட்பட்ட எளிய நீர்க்கட்டிக்குத் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை என்பதே பிரிட்டிஷ் மகப்பேற்று மருத்துவர் கழகத்தின் வழிகாட்டல். அப்படி எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்க நம்மவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை. வீடு திரும்பும் வழியிலேயே, இவர் சரியாகப் பார்க்கவில்லை என்று தம்பி முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பின் எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடமே தெரியவில்லை.

எல்லாக் கட்டியும் அப்படித் தானாகக் கரைவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கருப்பையின் உட்சுவர்த் திசு இடம் மாறிச் சினைப்பையில் ஒட்டிக்கொண்டு, மாதந்தோறும் அங்கேயே குருதி கசிந்து, அது பழகிக் கறுத்துக் குழம்பாகி நிறைந்த கட்டியை மருத்துவர்கள் சாக்லேட் கட்டி என்பார்கள். வலிக்கும் குழந்தைப் பேறின்மைக்கும் அது காரணமாகலாம். டெர்மாய்டு என்பது முட்டைச் செல்லிலிருந்தே கிளைக்கும் கட்டி. எந்தத் திசுவாகவும் மாறும் ஆற்றல் அச்செல்லுக்கு உண்டாகையால், அறுத்துப் பார்த்தால் உள்ளே மயிரும் கொழுப்பும் சில வேளைகளில் பல்லும் இருக்கும். பில்லி சூனியக் கதைகளுக்கு இவ்வளவு வசதியான பொருள் வேறில்லை. எனினும் பெரும்பாலும் அது தீங்கற்றது. இவை பருத்துத் தம் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் குருதியோட்டம் நின்று, வாந்தியோடு கூடிய கடும் வலி வரும். அதற்கு மட்டும் அன்றே அறுவை தேவை. பிசிஓடி என்று இன்று கல்லூரிப் பெண்களிடையே சர்வசாதாரணமாகப் பேசப்படுவது இக்கணக்கிலேயே சேராது. ஹார்மோன் சமநிலை குலைந்து, முதிராத சிறுபைகள் பல சினைப்பையின் விளிம்பில் வரிசையாகத் தேங்கி நிற்கும் நிலை அது, அறுத்தெடுக்க வேண்டிய கட்டியன்று. அளவைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்பதற்கு மருத்துவ வரலாற்றின் முதல் வெற்றிகரமான சினைப்பை அறுவையே சான்று: 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், எப்ரைம் மெக்டோவல் ஜேன் கிராஃபர்டு என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை 25 நிமிடத்தில் எடுத்தார், அப்பெண் அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

பெண்ணுக்காகத் தவித்த அந்த வாரங்களில், அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவரும், சாமுண்டிக்கு நேர்ந்துகொண்டவரும் மூத்த அத்தைதான். அவருக்கும் அக்காலத்தில் வயிறு சரியில்லை. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை; சாப்பிட்டு எழுந்தால் மேல்வயிறு கல்லாகக் கனத்தது; இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து கழிவறைக்குப் போனார்; குக்கரஹள்ளி ஏரிக் கரையில் வழக்கமாக முழுச் சுற்று நடப்பவர் பாதியில் பெஞ்சில் உட்காரத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் ‘ஹொட்டெ உப்பர’, அதாவது வயிற்று உப்புசம், என்று சொல்லி ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். ஓமத் தண்ணீர், பெருங்காய மோர், சுக்குக் கஷாயம் என்று முறை வைத்துக் குடித்தும் தீராததால், தெருமுனை மருத்துவர் ஒருவரிடம் காட்டியதில் கேஸ் ட்ரபிள் என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கிடைத்தது. அது தீர்ந்ததும் அதே மாத்திரையை மருந்துக் கடையில் நேரே வாங்கிப் பல மாதம் விழுங்கினார். வயதானவர், விதவை, உண்பதும் குறைவு. அவருடைய வயிற்றைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. தம்பி மகளைக் கைத்தாங்கலாக ஸ்கேனுக்கு அழைத்துப் போன நாளில் கூடவே அவரும்தான் போய் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெண் மருத்துவர் கிடைக்காத ஊர் என்று மைசூரைச் சொல்ல முடியாது. பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் பார்ப்பதற்கென்று வெஸ்லியன் மிஷனார் மண்டி மொஹல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை 1906லேயே திறந்தார்கள்; ஊரார் இன்றும் அதை மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். சமஸ்தானத்தின் முதல் மருத்துவக் கல்லூரி 1924இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் மைசூருக்கு வந்தது, அதன் கே.ஆர். மருத்துவமனையும், பெண்களுக்கான செலுவாம்பா மருத்துவமனையும் அடுத்தடுத்தே இருக்கின்றன. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனையாக 1989இல் பாரத் மருத்துவமனை வந்தது, 140 கி.மீ. தொலைவில் பெங்களூரில் 1973 முதல் கித்வாய் நிலையம் உண்டு. ஆனால், பிள்ளைப்பேற்றுக்காக ஒருகாலத்தில் அவற்றின் படியேறிய பெண்கள், மாதவிடாய் நின்றதோடு மகளிர் மருத்துவரிடம் போகும் வேலையும் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். சினைப்பைப் புற்று மிகுதியாகத் தோன்றுவதோ அதற்குப் பின்புதான்.

இந்நோயை அமைதிக் கொலையாளி என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். அது முழு உண்மையன்று. அறிகுறிகள் பேசுகின்றன, ஆனால் குடலின் குரலில் பேசுகின்றன. அமெரிக்க மருத்துவர் பார்பரா காஃப் குழுவினர் நோயாளிகளின் முந்தைய மாதங்களை வினவித் தொகுத்து 2007இல் ஓர் அறிகுறிக் குறியீட்டை வெளியிட்டார்கள். வயிறு உப்புதல் அல்லது பருத்தல், சிறிது உண்டதும் நிறைந்துவிடுதல், வயிற்றிலோ அடிவயிற்றிலோ வலி ஆகியவற்றுள் ஒன்று, ஓராண்டுக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்குமானால் சினைப்பையைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்; அடிக்கடி சிறுநீர் முட்டுவதையும் மருத்துவ அமைப்புகள் இப்பட்டியலில் சேர்த்திருக்கின்றன. உப்புசம் யாருக்கும் வரும். புதிதாக வந்து போகாமலே தங்கிவிடும் உப்புசம் வேறு. அத்தையின் உடம்பில் இவற்றுள் ஏறத்தாழ எல்லாமே இருந்தன.

அதைக் கண்டுபிடித்தது மருத்துவரல்லர், தையற்காரர். அவ்வாண்டு தசராவுக்கு முன்னால் புது ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனபோது, பழைய அளவைவிடத் தோளும் கையும் இரண்டு விரற்கடை குறைந்திருப்பதாக அவர் சொன்னார். அதே வாரத்தில் அத்தை, உள்பாவாடை நாடா முடிச்சுக்கு எட்டவில்லை என்று தம்பி மனைவியிடம் வேறு நாடா கோத்துத் தரச் சொல்லியிருந்தார்; பழைய நாடாவில் ஆண்டுக்கணக்கில் முடிந்த இடம் அழுக்கேறி நசுங்கிப் பதிந்திருக்க, புது முடிச்சு அதற்கு ஒரு சாணுக்கு அப்பால் விழுந்திருந்தது. மேலே மெலிவதும் கீழே பருப்பதும் ஒருசேர நிகழக் கூடாது என்பது தம்பி மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. கொலுவுக்கு ஐந்தாம் படி அடுக்கும்போது அத்தை மூச்சுவாங்கிச் சுவரில் சாய்ந்துவிட்டதால், பொம்மைகளை அப்படியே விட்டுவிட்டு அன்றே ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள்.

இரு சினைப்பைகளிலும் கட்டி. உள்ளே பல அறைகள், திடமான பகுதிகள். வயிறு முழுக்க நீர். வயிற்றறையில் நீர் தேங்குவதைப் பழைய தமிழ் மருத்துவம் மகோதரம் என்னும். சிஏ-125 அளவு 1,140. பிரிட்டனில் இயன் ஜேக்கப்ஸ் குழுவினர் 1990இல் வகுத்த ஆபத்துக் குறியீட்டு எண், மூன்று எண்களைப் பெருக்கிப் பெறப்படுவது: ஸ்கேனில் தெரியும் ஐயத்துக்குரிய அடையாளங்களுக்கு 0, 1 அல்லது 3, மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3, மூன்றாவது, சிஏ-125 அளவு. பெருக்குத்தொகை 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். தம்பி மகளுடைய கட்டியில் உறைந்திருந்த குருதியைத் திடப்பகுதி என்று எண்ணி ஒரு மதிப்பெண் கொடுத்தாலும் அவள் கணக்கு 58தான். அத்தைக்கு 3 பெருக்கல் 3 பெருக்கல் 1,140, அதாவது 10,260. எட்டாம் வகுப்புக் கணக்கு இது. கையில் தாள்கள் இருந்தும் அக்குடும்பத்துக்கு இப்படியொரு கணக்கு உண்டென்று சொல்ல ஆளில்லை.

ஆயினும் மருத்துவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. வயிற்றுக் காசநோயும் இதே கோலத்தில் வரும்: வயிற்றில் நீர், எடைக்குறைவு, உயர்ந்த சிஏ-125, சினைப்பைப் பக்கம் திரண்ட கட்டிபோன்ற தோற்றம் என எல்லாமே ஒத்திருக்கும். காசம் மிகுந்த இந்தியாவில், புற்றென்று வயிற்றைத் திறந்து காசத்தைக் கண்டு மூடிய மருத்துவர்கள் உண்டு. மைசூருக்கு இந்நோயோடு பழைய உறவு; மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியும் அவருடைய பெண்மக்களும் காசத்துக்குப் பலியானதன் நினைவாகவே, கே.ஆர்.எஸ். சாலையில் இன்றும் பிகேடிபி என்று அழைக்கப்படும் காசநோய் மருத்துவமனை 1921இல் எழுந்தது. அந்த மதில் வழியாகப் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் குழந்தைகளை வளர்த்த அத்தை, சோதனை முடிவு வரும்வரை இது டிபியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். வீடே அப்படித்தான் வேண்டிக்கொண்டது. வயிற்றிலிருந்து ஊசி மூலம் வடித்த வைக்கோல் நிற நீரில் புற்றுச் செல்கள் இருந்தன.

வயிற்றில் தேங்கிய நீரைச் சோதனைக்கு எடுப்பது வேறு, கட்டிக்குள்ளேயே ஊசியைச் செலுத்துவது வேறு என்பதை இங்கே குறிப்பது நலம். புற்றென்று ஐயமுள்ள கட்டி சினைப்பைக்குள் அடங்கியிருக்கையில் அதைக் குத்தினால், உள்ளிருப்பது வயிற்றில் சிந்தி, முதல் நிலை நோய் பரவிய நோயாகிவிடக்கூடும். அதனால்தான் ஐயமுள்ள கட்டியை உடைக்காமல் முழுதாக எடுக்க வேண்டுமென்று வலியுறுத்துவார்கள். அத்தையின் நோய் அந்நிலையைக் கடந்து மூன்றாம் நிலையில், அதாவது இடுப்புக்குழியைத் தாண்டி மேல்வயிற்றின் உறையிலும், குடலின்மேல் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பிலும் படர்ந்த நிலையில், இருந்தது. முதல் நிலையில் கண்டுபிடிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடக்கிறார்கள். பரவிய நிலையில் அவ்விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இந்தியாவில் ஆண்டுக்கு 45,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக வரும் இந்நோய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுகளுக்கு அடுத்த இடத்தில் இருந்தாலும், பெரும்பாலோர் பரவிய நிலையிலேயே வருவதால் கொள்ளும் உயிர்கள் அதிகம்.

ஆறு மாதம் முன்பே, தம்பி மகளோடு சேர்த்து அத்தைக்கும் அன்றே ஸ்கேன் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று தம்பி பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு எளிதான இக்கேள்விக்கு விடை அவ்வளவு எளிதன்று. அறிகுறி உள்ளவரைத் தாமதமின்றிப் பார்ப்பது வேறு. அறிகுறியே இல்லாத எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் ஸ்கேனும் சிஏ-125 சோதனையும் செய்வது வேறு. இரண்டாவதைப் பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2021இல் முடிவை அறிவித்தார்கள்: இறப்பு குறையவில்லை. அமெரிக்காவில் 78,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் 2011 முடிவும் அதுவே. போதாதற்கு, நோயே இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தவறான சோதனை முடிவால் அறுவைக்கு ஆளாகியிருந்தார்கள். இதன் காரணம் ஓரளவு இப்போது தெரிகிறது. சினைப்பைப் புற்றுகளில் மிகுதியாகக் காணப்படும் உயர்தரச் சீரஸ் என்ற வகை, பெரும்பாலும் சினைப்பையில் தோன்றுவதே இல்லை. முட்டையை ஏந்திச் செல்லும் கருக்குழாயின் குஞ்சம்போன்ற நுனியில், நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் சில செல்களாகத் தொடங்கி, அங்கிருந்து உதிர்ந்து சினைப்பையிலும் வயிற்றுறையிலும் ஒட்டி வளர்கிறது. மரபுவழி ஆபத்துள்ள பெண்களிடமிருந்து முன்கூட்டியே எடுக்கப்பட்ட குழாய்களை நெதர்லாந்து நோய்க்குறியியலாளர்கள் ஆராய்ந்து 2001இல் சொன்னது இது. நீர்க்கட்டி நாளடைவில் முற்றிப் புற்றாகும் என்ற அச்சம் இவ்வகைக்குப் பொருந்தாது என்பதும் இதனால் விளங்கும்.

சிகிச்சை மைசூரிலேயே நடந்தது. மூன்று சுற்று கீமோ, பிறகு கருப்பை, இரு சினைப்பை, குழாய்கள், கொழுப்பு மடிப்பு அனைத்தையும் நீக்கும் நீண்ட அறுவை, மீண்டும் மூன்று சுற்று கீமோ. சுற்றுக்குச் சுற்று 21 நாள் இடைவெளி. மருந்துகளுள் ஒன்று பிளாட்டினம் கலந்த கார்போபிளாட்டின். மற்றது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டு, 1992இல் இந்நோய்க்கென ஏற்பளிக்கப்பட்ட பேக்ளிடாக்சல். தலைமயிர் உதிர்ந்ததை அத்தை பொருட்படுத்தவில்லை. விரல்நுனி மரத்துப்போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. செல்லுக்குள் நுண்குழல்களை இறுகச் செய்து பிளவைத் தடுக்கும் அம்மருந்து நரம்பு நுனிகளையும் தாக்கும். கோலப் பொடியை எடுத்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பொடி இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்று தெரியாமல், இழை நடுவிலேயே அறுந்து, வெறுங்கை தரையில் வளைந்துகொண்டு போகும். தேவராஜ மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த மல்லிகையைத் தொடுக்க உட்கார்ந்தாலும் அதே கதைதான். நார் இறுகியதா என்று விரல் சொல்லாது. ‘பம்பாய்’ படத்து நாயகி மனீஷா கொய்ராலாவுக்கும் இதே நோய் 2012இல் வந்து, நியூயார்க்கில் சிகிச்சை பெற்று மீண்டதை யாரோ பத்திரிகையில் காட்டினார்கள். “அவ சின்னப் பொண்ணு” என்று சொல்லிவிட்டு அத்தை பக்கத்தைத் திருப்பினார்.

முதல் சிகிச்சை முடிந்தபின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நோய் தலைகாட்டவில்லை. பிளாட்டினம் மருந்து முடிந்து ஆறு மாதத்துக்குப் பின் திரும்பும் நோய் அதே மருந்துக்கு மீண்டும் கட்டுப்படும், அதற்குள் திரும்பினால் கட்டுப்படாது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு; இரண்டாம் முறை கட்டுப்பட்டது, மூன்றாம் முறை இல்லை. 2018இல் அவர் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் இரண்டு நவராத்திரிக்கு அவரே படி கட்டினார்.

நோய் திரும்பியபோதுதான் புற்றுநோய் மருத்துவர் மரபணுச் சோதனையைச் சொன்னார். 1990இல் மேரி-கிளேர் கிங் 17ஆம் குரோமோசோமில் இருக்குமிடத்தைக் காட்டி, 1994இல் பிரித்தறியப்பட்ட பிஆர்சிஏ-1 என்ற மரபணு, செல்லுக்குள் அறுந்த டிஎன்ஏ இழையைச் செப்பனிடும் வேலையைச் செய்கிறது. அது பழுதானால் மார்பகத்திலும் கருக்குழாய் நுனியிலும் பிழைகள் குவிகின்றன. பொதுவாகப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் வரும் சினைப்பைப் புற்று, பழுதான பிஆர்சிஏ-1 உள்ளவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வரக்கூடும். அத்தைக்கு அப்பழுது இருந்தது. இவ்வகைப் புற்றையே குறிவைக்கும் புது மாத்திரைகள் வெளிநாட்டில் அப்போதே வந்திருந்தும், அவற்றின் விலை அக்குடும்பத்துக்கு எட்டவில்லை. ஆகவே அச்சோதனை அத்தைக்குப் பயன்படவில்லை. பயன்பட வேண்டியவர்கள் வேறு சிலர். வீட்டுப் பெண்களின் நோயைத் தாய்வழியாகவே எண்ணிப் பழகியவர்கள், அத்தையின் நோய்க்கும் தம்பி மகளுக்கும் தொடர்பிருக்கும் என்று நினைத்ததே இல்லை. மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சமமாகவே இறங்கும். அப்பெண்ணை அச்சுறுத்தக்கூடியது அவள் சினைப்பையில் ஒருகாலத்தில் தெரிந்து மறைந்த கட்டியன்று, அவளுடைய தந்தையின் குருதி.

“ஆம்பளைக்கு எதுக்குய்யா இந்த டெஸ்டு” என்று தம்பி ஓராண்டு தட்டிக்கழித்தார். அவரிடம் பழுது இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சோதனையே வேண்டாம், இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மரபணு ஆலோசகர் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் வரைந்து காட்டியபின், அக்கா இறந்த ஆண்டில் குருதி கொடுத்தார், இருந்தது. புராஸ்டேட் சோதனைகளை ஒழுங்காகச் செய்துகொள்ளச் சொல்லி அவரை அனுப்பினார்கள். தம்பி மகளுக்குப் பழுது இறங்கவில்லை. அவளுடைய ஆபத்து மற்ற எந்தப் பெண்ணுக்கும் உள்ளதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி மகனுக்கு இறங்கியிருக்கிறது. பழுதுள்ள பெண்கள் பிள்ளைப்பேற்றை முடித்துக்கொண்டு 35 முதல் 40 வயதுக்குள் குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதே இன்றைய பரிந்துரை. ஆனால் அது பற்றிய பேச்சு அவர் வீட்டில் இன்னும் எழவில்லை. அவருக்கு இரண்டு பெண்கள், இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். பெரியவர்களானபின் வரும் நோய்களுக்கான இச்சோதனையைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு ஆலோசகர்கள் செய்வதில்லை.